இயாந்தி கடோர் கடன் அட்டை வென்ற காதை

வாழ்க அவள் ஏந்திய கத்தரி. வாழ்க, எந்நேரமும் ஏழு குண்டூசிகளைக் கவ்வியிருந்தும் ஊர்வம்பு ஒன்றையும் தவறவிடாத அவள் திருவாய். வாழ்க, கிரெனடா தீவின் மேற்குக் கரையிலே, அலைகள் நாள்தோறும் வந்து அடிபணிந்து மீளும் பெல் மார் என்னும் பெரும்பதியிலே, நானூறு பள்ளிப் பிள்ளைகளின் சட்டைப் பையில் சின்னம் பொறித்துக் கொடுத்துப் புகழ்கொண்ட ஊசிப்படைத் தலைவி, நூற்கண்டுகளின் நாயகி, ஐம்பத்திரண்டு வயதிலும் கண்ணாடி அணியாமல் ஊசி கோக்கும் கூர்விழியாள், இயாந்தி கடோர்.

மலையைப் பிளந்தவர், கடலைக் கடைந்தவர் கதைகளை வேறு யாராவது சொல்லட்டும், என் செல்வங்களே. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் ஒரு பிளாஸ்டிக் துண்டுக்காக ஒருத்தி நூற்றுப் பதினெட்டு நாள் போர்புரிந்த கதையை நான் சொல்கிறேன். காலை நீட்டி வசதியாக உட்காருங்கள்.

பெரும்போர்களெல்லாம் ஏதோ ஓர் அவமானத்தில்தான் தொடங்குகின்றன. இந்தப் போர் ஒரு ஜோடிக் கறுப்பு ஷூவில் தொடங்கியது.

இயாந்தியின் அண்ணன் மனைவி யூலின். அந்தக் குடும்பத்திலும் சுற்றியிருந்த ஆறு வீடுகளிலும் கடன் அட்டை என்னும் தெய்வப் படைக்கலம் அவள் ஒருத்தியிடம் மட்டுமே இருந்தது. கடல்கடந்த கடைகளிலிருந்து எவருக்கு எது வேண்டுமென்றாலும், பணத்தை ரொக்கமாக முன்னரே யூலினின் கையில் வைத்துவிட்டு, அவள் வராந்தாவில் உட்கார்ந்து, அவள் முழங்கால் வலியின் முழு வரலாற்றையும் கேட்டு முடிக்க வேண்டும். அதன் பிறகே அவள் எழுந்து உள்ளே சென்று, பைபிளில் சங்கீதப் பக்கங்களுக்கு நடுவே பள்ளிகொண்டிருக்கும் அட்டையை, உற்சவமூர்த்தியைத் தேரில் ஏற்றுகிற பக்குவத்தோடு இரு கைகளாலும் ஏந்தி வந்து, பதினாறு எண்களையும் மறைத்து மறைத்துக் கைப்பேசியில் தட்டுவாள். பொருள் வந்து சேர்ந்த பின்னும் வழிபாடு முடியாது. அது எந்தக் காலத்திலும் முடியாது என்பது ஈஸ்டர் வாரத்தில் தெரிந்தது.

ஹியூபர்ட் மாமாவின் சவப்பெட்டி குழிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. பாதிரியார் மூச்சடக்கி நின்றார். கடற்காற்றும் மரியாதைக்குச் சற்று நின்றது. யூலின் மட்டும் நிற்கவில்லை.

“இயாந்தி காலப் பாத்தியா? அந்த ஷூ என் கார்டுல வந்தது. நான் இல்லன்னா பாவம், வெறுங்காலோடதான் மாமாவ அனுப்பி வெச்சிருப்பா.”

பக்கத்தில் நின்றவளிடம் கிசுகிசுத்ததாகத்தான் யூலின் சொல்லுவாள். கல்லறைச் சுவருக்கு வெளியே வேர்க்கடலை விற்றவன் எட்டிப் பார்த்தான்.

அப்போது, கண்மணிகளே, இயாந்தியின் நெஞ்சில் எரிமலை கிளர்ந்தது, கன்னம் கனன்றது, புருவம் வில்லாக வளைந்தது. மாமாவின் மேல் முதல் மண்ணை அள்ளிப் போட்ட அதே கையால் அவள் ஷூக்கள் இரண்டையும் கழற்றினாள். அவற்றைத் தோற்ற மன்னனின் முடியைப் போலத் தூக்கிப் பிடித்து, தார் உருகும் மலைச்சாலையில் வெறுங்காலோடு வீடு நடந்தாள். சொந்தப் பெயர் பொறித்த அட்டையைக் கையில் ஏந்தி வந்தாலொழிய யூலினின் வராந்தாப் படியை இனி மிதிப்பதில்லை என்று சூள் உரைத்தாள். உள்ளங்கால் இரண்டு நாள் கொப்புளித்திருந்தது, சூளுரை கொப்புளிக்கவில்லை.

மூன்றாம் நாள் படையெடுப்பு தொடங்கியது. பெல் மார் கடற்கரைத் தெருவில், மீன் சந்தைக்கு எதிரே, குளிர்சாதனம் உறுமும் கூட்டுறவுக் கடன் சங்கக் கோட்டைக்குள் அவள் நுழைந்தாள். முன்மேசையில் வீற்றிருந்தவள் டமீகா. முதல் வகுப்பிலிருந்து கடைசி வகுப்பு வரை அந்தப் பெண்ணுக்குச் சீருடைப் பாவாடை தைத்து, ஆண்டுதோறும் மடிப்பவிழ்த்து நீளம் கூட்டிக் கொடுத்தவள் இயாந்திதான். ஆகவே டமீகா எழுந்து நின்று கன்னத்தில் முத்தமிட்டு, நலம் விசாரித்து, அதன்பின் அடையாளச் சான்று இரண்டு கேட்டாள்.

இயாந்தி பங்கு வாங்கி உறுப்பினரானாள். பேனாவை மூடுமுன்பே அட்டையைக் கேட்டாள்.

“புது உறுப்பினர் தொண்ணூறு நாள் பொறுக்கணும், மிஸ் இயாந்தி.”

“எதுக்கு?”

“நீங்க எப்படிப்பட்டவங்கன்னு நாங்க தெரிஞ்சுக்கணுமில்ல.”

“உன் இடுப்பளவே எனக்குத் தெரியும் பொண்ணே. இன்னும் என்னத்தத் தெரியணும்?”

“விதி அப்படி.”

தொண்ணூறு நாள் தவம். காட்டில் ஒற்றைக்காலில் நிற்பவர்களுக்குக் காய்கனியாவது உண்டு. இயாந்திக்கு இருந்ததோ சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டம் ஒன்றுதான். அந்த ஊரில் பாதிப்பேர் உறுப்பினரானதே அக்கூட்டத்தில் கிடைக்கும் கோழிச்சோற்றுப் பொட்டலத்துக்காகத்தான். பொருளாளர் அறிக்கை வாசித்த இரண்டரை மணி நேரமும் அந்த மண்டபத்தில் விழித்திருந்த வீராங்கனை அவள் ஒருத்தியே. இரண்டு கேள்வியும் கேட்டாள். சோறு ஆறிப்போனதற்காக ஊர் அவளை இன்னும் மன்னிக்கவில்லை.

தவத்தின் எண்பத்தாறாம் நாள் விதி தன் கணையைத் தொடுத்தது: அவளுடைய எம்பிராய்டரி மெஷினின் பாபின் கேஸ் விரிசல் கண்டு இரண்டாகியது. அடிநூல் உருளையைத் தாங்கும், பெருவிரல் அளவுள்ள அந்த இரும்புச் சிமிழ் தீவில் எந்தக் கடையிலும் இல்லை. கடல்கடந்த ஒரு கடையில் மட்டும் இருந்தது. செப்டம்பரில் பள்ளி திறக்குமுன் நானூறு சின்னம் தைத்தாக வேண்டும். ஒரே ஒரு முறை, ஒரே ஒரு மாலை, யூலினின் வராந்தாவில் போய் அமர்ந்தால் பத்து நாளில் வந்துவிடும். அந்த மாலை இயாந்தி தன் வீட்டு வாசலில் அமர்ந்து, சீமைப்பலாவைச் சுட்டுத் தின்று, யூலினின் வீட்டு விளக்கு எரிவதை மலைச்சரிவில் பார்த்துக்கொண்டே இருந்தாள். போகவில்லை.

தொண்ணூற்றோராம் நாள் காலை விண்ணப்பம் என்னும் பதினொரு பக்கச் சக்கரவியூகத்துள் அவள் புகுந்தாள். வீட்டு எண் என்ற கட்டம் வாய்பிளந்து நின்றது. அந்த மலையில் எந்த வீட்டுக்கும் எண் கிடையாது. ‘பழைய கொக்கோ கிடங்கைத் தாண்டி மேலே, பச்சைக் கதவு, நாய் கடிக்காது’ என்று எழுதி அந்த அரணைத் தகர்த்தாள். அடுத்து, வேலை கொடுத்தவரின் கடிதம். தனக்கு வேலை கொடுப்பவள் தானே என்பதால், இரவல் வாங்கிய தட்டச்சுப் பொறியில், ‘இயாந்தி கடோர் இருபத்தேழு ஆண்டுகளாக என்னிடம் வேலை செய்கிறார், நேர்மையானவர், சொன்ன நேரத்துக்கு வருவார், கொஞ்சம் கோபக்காரர்’ என்று எழுதி, இங்ஙனம் இயாந்தி கடோர் என்று ஒப்பமிட்டாள். சங்கம் அதை மறுபேச்சின்றி ஏற்றது. காகிதம் வந்துவிட்டால் அவர்களுக்குப் போதும்.

இறுதி வாயில்: உறவினரல்லாத, ஐந்தாண்டுகளுக்கு மேல் தன்னை அறிந்த ஒருவரின் பெயரும் தொலைபேசி எண்ணும். பக்கத்து வீட்டு அன்செல்ம் நோயலின் பெயரை எழுதினாள். எழுபத்து நான்கு வயது, மீன்பிடித் தொழிலிலிருந்து ஓய்வுபெற்றவர், பொன்னான மனம். அவரிடம் முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லி வைக்க மறந்தாள். கோட்டைகள் வீழ்ந்ததெல்லாம் இப்படிப்பட்ட திட்டிவாசல்களால்தான்.

ஏனெனில் பெல் மாரில் எழுதப்படாத ஓர் அறம் உண்டு. முன்பின் அறியாத குரல் தொலைபேசியில் ஒருவரைப் பற்றி மரியாதையாக விசாரித்தால், அது தவணை வசூலிக்கும் ஆள். அவரிடம் அண்டை வீட்டாரைக் காட்டிக் கொடுப்பவன் மனிதப் பிறவியே அல்லன். கட்டில் வாங்கியவர், குளிர்பெட்டி வாங்கியவர் என்று எத்தனையோ பேரை அன்செல்ம் இவ்வாறு கடவுச்சீட்டும் விமானமும் இல்லாமலே அயல்நாடு அனுப்பி வைத்திருக்கிறார். தலைநகரிலிருந்து அட்டைப் பிரிவுப் பெண் அழைத்தபோது அவர் வலை பின்னிக்கொண்டிருந்தார். வேலிக்கு அந்தப் பக்கம் இயாந்தி பாடிக்கொண்டே துணி உலர்த்தினாள்.

“இயாந்தி கடோரத் தெரியுமா ஐயா?”

“யாரு?”

“உங்க பக்கத்து வீடுன்னு போட்டிருக்கு.”

“ஓ, அவளா. அவ கனடா போயி நாலு வருசமாச்சே.”

“எப்ப திரும்பி வருவாங்க?”

“எங்கம்மா வர்றது. அங்கயே ஒரு மீசக்காரனக் கட்டிக்கிட்டா. போன குளிருல பனியில வழுக்கி இடுப்பும் போச்சு. பாவம், அவகிட்ட இப்ப ஒண்ணும் தேறாது.”

தொலைபேசியை வைத்துவிட்டு, பிறர்க்குச் செய்த நன்மையைத் தானே பறைசாற்றாத சான்றோராகிய அன்செல்ம், அதைப் பற்றி எவரிடமும் வாய்திறக்கவில்லை.

பத்தாம் நாள் ஓலை வந்தது: விண்ணப்பதாரர் நாட்டில் இல்லாதபடியால் விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது. பச்சைக் கதவின் முன் நின்று, இந்நாட்டின் மண்ணை இரு கால்களாலும் மிதித்தபடி, இயாந்தி அதை மூன்று முறை படித்தாள். பிறகு வேலியருகே போய் மெல்லிய குரலில், மிக மெல்லிய குரலில், கேட்டாள்.

“மிஸ்டர் நோயல், நான் கனடா போனேனா?”

“அதுவா. ஒரு பொம்பள விசாரிச்சா. நல்லா திருப்பி அனுப்பிட்டேன். நன்றியெல்லாம் வேணாம் பொண்ணே, தேங்கா ரொட்டி சுட்டா ஒண்ணு குடு.”

அவள் ஓலையை நீட்டினாள். கிழவர் எழுத்துக் கூட்டிப் படித்தார். வலை கைநழுவியது. ஐம்பதாண்டு புயலுக்கும் சுறாவுக்கும் வெளுக்காத முகம் அப்போது வெளுத்தது.

“முன்னாடியே சொல்லியிருக்கலாமே,” என்றார். “இடுப்பையாவது விட்டிருப்பேன்.”

அன்றே படை மீண்டும் புறப்பட்டது. முன்னே இயாந்தி, வேங்கை. பின்னே, சாவு வீட்டுக்கு மட்டும் அணியும் கோட்டுக்குள் வியர்வையில் நனைந்து அன்செல்ம், வயோதிகக் களிறு. கோட்டைக் கதவைத் தள்ளித் திறந்து, வரிசையில் நின்ற பதினோரு பேரும் திரும்பிப் பார்க்க, அவள் முழங்கினாள்: “இதோ நிற்கிறேன் நான். கனடாவில் இல்லை, கல்லறையில் இல்லை, இவ்விடத்தில் நிற்கிறேன். என்னைக் காணாத கண் எதுவோ அது என்னை வந்து தொட்டுப் பார்க்கட்டும்.”

“நீங்க இங்க இருக்கீங்கன்னு எனக்குத் தெரியும், மிஸ் இயாந்தி,” என்றாள் டமீகா, வருத்தத்தோடு. “ஆனா கம்ப்யூட்டர்ல நீங்க கனடால இருக்கீங்க. சாட்சி சொன்னவரே வந்து மாத்திச் சொல்லணும். மிஸ்டர் நோயல், இவங்க யாரு?”

அன்செல்ம் இயாந்தியைப் பார்த்தார், டமீகாவைப் பார்த்தார், வாசற்கதவு எவ்வளவு தூரம் என்று பார்த்தார். ஆயுட்கால அறம் அவர் தொண்டையில் முள்ளாகக் குறுக்கிட்டது.

“நீ எதுக்குக் கேக்கற?”

“சொல்லுங்க, மிஸ்டர் நோயல்,” என்றாள் இயாந்தி. “இந்தத் தடவ நெசத்தச் சொல்லுங்க.”

“நெசமாவே நெசமா?”

“ஆமா.”

“அப்பறம் என்னக் குத்தம் சொல்லக் கூடாது.” அவர் தொப்பியைக் கழற்றி மார்போடு அணைத்தார். “இவ இயாந்தி. முப்பது வருசமா என் பக்கத்து வீடு. கனடா பக்கமே போனதில்ல. புருசன் கிடையாது. இடுப்பு நல்லா இருக்கு.”

“இடுப்புக்குக் கட்டம் இல்ல, மிஸ்டர் நோயல்.”

“எழுதிக்கோ. அவங்க கேப்பாங்க.”

இவ்வாறாக இயாந்தி கடோர் விசைப்பலகையின் நான்கு தட்டலில் தாய்நாடு திரும்பினாள். இருப்பினும் பகை தன் கடைசி அம்பை மிச்சம் வைத்திருந்தது. புது உறுப்பினருக்கு அட்டையில் எவ்வளவு வரம்போ, அவ்வளவு தொகையை அவளுடைய சேமிப்பிலேயே முடக்கி வைப்பார்களாம்.

“அப்ப என் பணத்த எனக்கே கடனாத் தர்றீங்க.”

“ஆமா, மிஸ் இயாந்தி.”

“இதுக்குத்தான் தொண்ணூறு நாள் என்னைய யோசிச்சீங்க.”

“ஆமா, மிஸ் இயாந்தி.”

தன்னை நம்பித் தனக்கே கடன் தர முன்வந்த அந்தப் பெருந்தன்மையின் முன் அவள் தலைவணங்கி ஒப்பமிட்டாள்.

நூற்றுப் பதினெட்டாம் நாள் அது வந்தது. நீலவானும் நீலக்கடலும் பின்னணியாக, மூலையில் பிளந்த சாதிக்காய் ஒன்று சிவந்து சிரிக்க, நடுவே மேடெழுந்த எழுத்தில் அவள் பெயர். வேறு எவர் பெயரும் இல்லை. அவள் அதை விரலால் தடவிப் பார்த்தாள், குருடர் குழந்தை முகத்தைத் தடவுவதுபோல. சங்கத்து வாசற்படியிலேயே அமர்ந்து, பதினாறு எண்களையும் எவரிடமும் மறைக்காமல், உரக்க வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே கைப்பேசியில் தட்டினாள். பாபின் கேஸ் கடல்கடந்து கிளம்பிவிட்டதாகச் செய்தி வந்தது.

ஆனால் எஞ்சியிருந்தது ஒரு படி. செல்வங்களே, அந்தப் படியை நோக்கி அவள் நடந்த நடையை என்னென்று சொல்வேன். தலையில் தேவாலயத் தொப்பி; காலில் ஈஸ்டருக்குப்பின் முதன்முறையாக அந்தக் கறுப்பு ஷூ; வலக்கையில், வெற்றிக்கொடியென உயர்த்திய அட்டை. மீன் சந்தை வழிவிட்டது. பேருந்து ஓட்டுநர் ஒலியெழுப்பி வாழ்த்தினான். என்ன ஏதென்று அறியாத ஒரு கூட்டம் பின்தொடர்ந்தது. அன்செல்ம் கோட்டோடு கடைசியில் மூச்சிரைத்தார். நூற்றுப் பதினெட்டு நாளும் கண்ணாடி முன் நின்று செதுக்கிச் செதுக்கி வைத்திருந்த சொற்கள், நாணேற்றிய அம்புகளாக, அவள் நாவின் நுனியில் நடுங்கின. வேலிக்கதவைத் திறந்தாள். வலக்காலைத் தூக்கி, நிதானமாக, ஊரே பார்க்க, வராந்தாவின் முதற்படியில் ஊன்றினாள். இடியை விழுங்கிய மேகமென நெஞ்சு விம்ம, மலைகள் எதிரொலிக்க, “யூலின்” என்று அழைத்தாள்.

யூலின் வீட்டில் இல்லை, மீன் வாங்கப் போயிருந்தாள்.