மாப்பிள்ளை அனுப்பிய மடக்கு சைக்கிளும் எனக்கு வந்த மெமோவும்

பிளாக் 21, நெய்வேலி
ஐப்பசி 12, புதன்கிழமை

பெருமதிப்பிற்குரிய மாப்பிள்ளை நிலவன் அவர்களுக்கு,

மாமனார் தனகோடி வணக்கத்துடன் எழுதுவது. நானும் உங்கள் அத்தை கனகமும் இங்கே சுகமாக இருக்கிறோம். கொடியில் காயப்போட்ட வெள்ளை வேட்டிக்கு மட்டும் நிலக்கரித் தூசியால் சுகமில்லை. அங்கே சென்னையில் தாங்களும் மகள் எழில்மதியும் மழையில் நனையாமல், வேளாவேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தங்கள் தாய் தகப்பனாருக்கு என் மரியாதையைத் தெரிவிக்கவும்.

நிற்க. சுரங்கத்தில் எனக்கு முப்பத்து நாலு வருஷ சர்வீஸ். ரிட்டயர்மெண்டுக்கு இன்னும் எட்டு மாதம். இத்தனை வருஷத்தில் ஒரு மெமோ வாங்கியதில்லை என்று கன்வேயர் செக்‌ஷனில் நெஞ்சை நிமிர்த்தித் திரிந்தவன் நான். நேற்று முன்தினம் வாங்கிவிட்டேன். காரணம், தாங்கள் அன்போடு அனுப்பிவைத்த மடக்கு சைக்கிள். வரும் திங்கட்கிழமைக்குள் விளக்கம் கொடுக்காவிட்டால் விசாரணை வைப்பார்களாம். இதை போனில் சொல்லலாம்தான். ஆனால் மாப்பிள்ளையிடம் குரலை உயர்த்தக் கூடாது என்று ஒரு முறை இருக்கிறது. பேனாவுக்குக் குரல் கிடையாது என்பதால் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கிறவன் நான் இல்லை. ஆடிச் சீர் நாங்கள் அனுப்ப வேண்டிய மாதத்தில் தங்களிடமிருந்து என் பெயர் போட்டு அவ்வளவு பெரிய பெட்டி வந்து இறங்கியபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. உலகத்தில் எந்த மாப்பிள்ளை மாமனாருக்குச் சீர் செய்கிறான்? தெரு முழுக்கச் சொன்னேன். உங்களுக்கு போன் போட்டு நன்றி சொன்னேன். நீங்கள் ஒரு நிமிஷம் இருமிவிட்டு, “பரவால்லங்க மாமா” என்றீர்கள். என்ன அடக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் மாப்பிள்ளை, அதைத் தேர்ந்தெடுத்தபோது என்னைக் கொஞ்சம் நினைத்துப் பார்த்திருக்கலாம். என் உயரம் ஆறடிக்கு ஒரு விரல் கம்மி. அதன் சக்கரமோ சோற்றுக் குண்டான் மூடி அளவு. நூறு மிதி மிதித்தால் பத்தடி நகர்கிறது, முழங்கால் இரண்டும் மோவாயை விசாரித்துவிட்டு வருகின்றன. சீட்டை உயர்த்தித்தான் வைக்கிறேன். நைட் ஷிப்ட் முடித்துவிட்டுப் பகலில் தூங்கி எழுந்தால் அது தானாக அரையடி இறங்கியிருக்கிறது. எத்தனை முறை முடுக்கினாலும் இதே கதை. இந்தக் காலத்து இரும்பு அவ்வளவுதான் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். அதற்குமேல் மாதம் ஒரு பார்சல். முதலில் ஒரு கூடை வந்தது. அடுத்து மெத்தென்ற அகலமான சீட் ஒன்று. பிறகு பின்சக்கரத்துக்குப் புடவை சிக்காமல் ஒரு வலை. நான் புடவையா கட்டுகிறேன்? ஆனாலும் மாப்பிள்ளை கொடுத்ததாயிற்றே என்று ஒன்று விடாமல் மாட்டிக்கொண்டு டூட்டிக்குப் போனேன். கூடையில் ஹெல்மெட்டும் டிபன் பாக்ஸும் வைத்துக்கொண்டு நான் கேட்டில் நுழைந்தால், என் செக்‌ஷன் ஜெயகணேஷ் தினமும், “சார், கீரை என்னா வெல?” என்பான். சிரித்துக்கொண்டே போவேன். உள்ளே எரியும்.

சுரங்கத்துச் சைக்கிள் ஸ்டாண்டில் பெரிய சக்கரத்துக்குத்தான் இடம் விட்டிருக்கிறார்கள். இதை நிறுத்தினால் கம்பிக்கு அடியில் நழுவி மல்லாந்து கிடக்கும். அதனால் தினமும் மடக்கி, கைக்குழந்தைபோலத் தூக்கிக்கொண்டு போய் கண்ட்ரோல் ரூம் மேஜைக்கு அடியில் வைப்பேன். அது பாட்டுக்கு இருந்தது. போன வெள்ளிக்கிழமை ஷிப்ட் முடியும் நேரத்தில் வானம் பிய்த்துக்கொண்டு ஊற்றியது. தாங்கள் கொடுத்த பொருள் துருப்பிடிக்கக் கூடாதே என்ற ஒரே எண்ணத்தில் அதை மடக்கி, ஒரு சாக்கில் போட்டுக் கட்டி, ஷிப்ட் பஸ்ஸில் ஏறினேன். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டது அப்போதுதான்.

கேட்டில் பஸ்ஸை நிறுத்தி செக்யூரிட்டிக்காரர் ஏறினார். “சாக்குல என்னா?”

“சைக்கிளுங்க.”

“சைக்கிள்னா ஓட்டிகினு போவணும். சாக்குல ஏன் போவுது?”

“மழைங்க. மடக்குற சைக்கிளு.”

“காலையில உள்ள வரும்போது இது என்னாவா வந்துச்சு?”

“வண்டியாங்க.”

“இப்ப என்னாவா வெளிய போவுது?”

நான் சாக்கைப் பார்த்தேன். “மூட்டையா” என்றேன். உண்மையைத்தானே சொல்ல வேண்டும்.

“மூட்டையா போனா அது மெட்டீரியல். மெட்டீரியல் வெளிய போனா கேட் பாஸ் வேணும். எங்க?”

இதோ பிரித்து வண்டியாகவே காட்டுகிறேன் என்று கீழே இறங்கினேன். கை ஈரம். கொக்கி நகர மறுக்கிறது. பஸ்ஸில் ஐம்பது பேர் ஜன்னலோரம் வந்துவிட்டார்கள். “சார், அத்த வுட்டுட்டு ஏறுங்க. வூட்டுல சோறு ஆறிகினு கீது” என்று ஜெயகணேஷ் கத்துகிறான். நான் காலை ஊன்றி ஓர் இழுப்பு இழுத்தேன். சைக்கிள் ஒரே மூச்சில் விரிந்தது. ஹேண்டில் நிமிர்ந்து செக்யூரிட்டிக்காரரின் தொப்பியைத் தட்டி ஓடுகிற மழைத்தண்ணீரில் விட்டது. தொப்பி போன வேகத்தில் என் மானமும் கூடவே போனது. என் பெயரைக் குறித்துக்கொண்டு சைக்கிளோடு போக விட்டார்.

‘உரிய அனுமதியின்றிப் பொருளை வெளியே எடுத்துச் சென்றது’ என்று மெமோவில் எழுதியிருக்கிறது. தொப்பியைப் பற்றி எழுதாமல் விட்டது அவருடைய பெருந்தன்மை. பொருள் என்னுடையதுதான் என்பதற்கு பில்லை இணைக்க வேண்டுமாம். மாப்பிள்ளை, சீராக வந்த பொருளுக்குப் பில் கேட்கிற மாமனாரை எங்கள் மேல்பட்டாம்பாக்கம் வகையறாவில் யாரும் பார்த்ததில்லை. கேட்க எனக்கு வாய் வரவில்லை, எழுதவும் கை கூசுகிறது. ஆனாலும் முப்பத்து நாலு வருஷத்துப் பெயர் ஒரு சாக்கு மூட்டையில் போவதா? தயவுசெய்து பில்லை உடனே அனுப்பிவைக்கவும். விசாரணை முடிந்ததும் சைக்கிளையும் தாங்களே வந்து எடுத்துக்கொண்டு போகவும். இனி எந்தப் பார்சலும் வேண்டாம். என் வயசுக்கும் உயரத்துக்கும் அது பொருந்தவில்லை. என்மேல் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

தாங்களும் எழில்மதியும் குறையொன்றும் இல்லாமல் நீடூழி வாழ இந்தக் குடும்பத்தின் ஆசிகள்.

தங்கள் அன்பு மாமனார்,
ம. தனகோடி

பின்குறிப்பு (வியாழன் மாலை): மேலே எழுதியதை அடித்துவிட்டதாக நினைத்துக்கொள்ளவும். கவரை ஒட்டப் பசை கேட்டேன். கனகம் கடிதத்தை வாங்கி முழுவதும் படித்தாள். பீரோவில் புடவைக்கு அடியிலிருந்து பில்லை எடுத்து வந்து கொடுத்தாள். நீங்கள் பணம் கட்டி, பில் போட்டிருப்பது கனகம் பெயரில். இந்த டவுன்ஷிப்பில் வேலை பார்க்கிறவர் பெயர் போட்டால்தான் பார்சல் வீடு வந்து சேரும் என்பதால் பெட்டியில் மட்டும் என் பெயராம். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “பொட்டியத் தொறந்ததும், மாப்புள எனக்கு அனுப்பிச்சிருக்காருன்னு தெருவெல்லாம் சொல்லிகினு வந்தீங்க. அப்புறம் நான் எங்கேந்து சொல்றது? நீங்க தூங்கும்போது ஓட்டிகினு இருந்தேன்” என்றாள். பள்ளிக்கூட நாளில் நெல்லிக்குப்பம் வரைக்கும் சைக்கிளில் போனவளாம். எனக்குத் தெரியாது. உங்களுக்கு என்ன வேண்டும் அத்தை என்று முதல் விருந்திலேயே நீங்கள் கேட்டீர்களாம், அவள் சைக்கிள் என்றாளாம். முப்பத்திரண்டு வருஷத்தில் நான் ஒரு தடவை கேட்டிருக்கலாம். வெட்கமாக இருக்கிறது மாப்பிள்ளை.

சைக்கிளை எடுக்க வர வேண்டாம். விளக்கத்தை எழுதிவிட்டேன்: பொருளை உரிய அனுமதியின்றி வெளியே எடுத்துச் சென்றது உண்மைதான், ஆனால் அது கேட்டில் நடந்ததல்ல, என் வீட்டில் நடந்தது, உரிமையாளர் பில் இணைப்பு, உரிமையாளர் மன்னித்துவிட்டார். கடைசி வரி மட்டும் இன்னும் உறுதியாகவில்லை. நாலு மணிக்கே அவள் பக்கத்து ஊரான வடக்குத்தில் இருக்கிற பள்ளித்தோழி செங்கமலத்தைப் பார்க்கச் சைக்கிளில் கிளம்பிவிட்டாள். மணி ஆறாகப் போகிறது. என் ஷிப்ட் பஸ்ஸுக்காக அவள் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்த நாட்கள் போய், இன்று நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அரிசியைக் கழுவிக் குக்கரில் வைத்துவிட்டேன். எத்தனை விசில் என்று கேட்க மறந்துவிட்டேன், அவள் போனும் இங்கேயே கிடக்கிறது. இதுவரை ஒன்பது ஆகிவிட்டது.