கன்றுக்குட்டி கடித்த அரை மார்க்

அரைமார்க்கைப் பற்றி உங்களுக்கு எதற்கு? பத்திரிகை வாங்கினோமா, மழை வருமா என்று பார்த்தோமா, மூடி வைத்தோமா என்று இருக்கக் கூடாதா? எந்தத் தெருவில் எவர் என்ன கூத்தடித்தார் என்று துருவித் துருவிக் கேட்கிறீர்களே, உங்கள் வீட்டு அடுப்பில் ஒன்றும் வைத்துவிட்டு வரவில்லையா? தீய்ந்து போகப் போகிறது, போய்ப் பாருங்கள்.

பார்த்துவிட்டு வந்துவிட்டீர்களா? சரி. நான் சொல்லச் சொல்ல என் மருமகள் எழுதுகிறாள். என் வாயில் வருவதை அப்படியே எழுதினால் அச்சில் ஏறாது என்று அவளே நல்ல தமிழாக்கிக்கொள்கிறாள். திட்டு மட்டும் என்னுடையது.

எங்கள் பக்கம் வரப்புக்காகச் சண்டை போட்டவர்கள் உண்டு. வாய்க்காலுக்காக மண்வெட்டியைத் தூக்கியவர்கள் உண்டு. ஒரு கன்றுக்குட்டியின் பல் தடத்துக்காக எட்டு வருடம் தஞ்சாவூருக்குப் போய்ச் சண்டை போட்ட மனிதர் இந்த உலகத்திலேயே அரைமார்க்கு ஒருவர்தான்.

ஒரத்தநாட்டுப் பக்கம் ஒரு மாட்டாஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்தவர். எங்கள் எதிர்வீடு. நான் அண்ணே என்பேன், அவர் தங்கச்சி என்பார். அங்கே இருந்த மாட்டு டாக்டர் ஓய்வு பெற்றுப் போகும்போது தன் காரை இவர் கையில் கொடுத்துவிட்டுப் போனார். கப்பலில் வந்த கார். உருண்டையாக இருக்கும். முன்னால் இரண்டு விளக்கும் பாம்பைப் பார்த்த தவளை மாதிரி முழித்துக்கொண்டு நிற்கும். அண்ணன் அதைத் துடைக்கிற துடைப்பில், பெற்ற பிள்ளையைக் குளிப்பாட்டுகிறவளே வெட்கப்பட்டுப் போவாள். அண்ணி ஒருநாள் என்னிடம் சொன்னாள்: “எனக்கும் நாலு சக்கரம் இருந்திருந்தா என்னையும் திரும்பிப் பாத்திருப்பாரு.”

அவ்வளவு பளபளப்பான காரில் பின் சீட்டின் ஓரம் மட்டும் கிழிந்து, நைந்து, உள்ளேயிருந்த நார் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். கன்றுக்குட்டி கடித்த இடம். அதை மட்டும் தொடவே விடமாட்டார்.

அந்தக் கதை இதுதான். ஒரு ஐப்பசியில் பேய்மழை. திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஊரே தண்ணீரில் நின்றது. டாக்டரும் கம்பவுண்டரும் அந்தக் காரில்தான் மாடுகளைப் பார்க்கப் போனார்கள்; அப்போது அது டாக்டருடைய கார். ஒரு பசு செத்துக் கிடந்தது. பக்கத்தில் அதன் கன்று நடுங்கிக்கொண்டு நின்றது. மாட்டுக்காரன், “நாங்களே எங்க போறதுன்னு தெரியல, இத எங்கய்யா வச்சுக்கறது?” என்று கும்பிட்டுவிட்டான். கம்பவுண்டர் கன்றைத் தூக்கிப் பின் சீட்டில் போட்டுக்கொண்டு வந்தார். வழியெல்லாம் தண்ணீர். வந்து சேர அரை நாள் ஆனது. பசியில் கன்று சீட்டின் ஓரத்தைச் சப்பிச் சப்பி, கடித்துக் குதறிவிட்டது. நேரே என் வீட்டு வாசலில் இறக்கினார்.

“தங்கச்சி, உன் கொட்டகை காலியாத்தானே இருக்கு? இத வச்சுக்க.”

“என்னண்ணே, கார்ல வந்து எறங்குது! ஆரத்தி எடுக்கணுமா?” என்று கேட்டேன்.

சிரிப்பாகத்தான் கேட்டேன். அதற்கு முந்தின வருடம்தான் என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்திருந்தார். கையில் இரண்டு பிள்ளைகள், ஒரு தையல் மிஷின். அந்தக் கன்று வளர்ந்து, ஈன்று, அதன் பாலில்தான் என் பிள்ளைகள் படித்தார்கள். இன்றைக்கும் எங்கள் தெருவில் காபி குடிக்கிற பாதிப் பேர் அதன் வம்சத்துப் பாலைத்தான் குடிக்கிறார்கள்.

ஆனால் ஒரு கதையை எத்தனை தடவை கேட்பது? அண்ணன் வாயைத் திறந்து, “அன்னைக்கு மழைன்னா மழை...” என்று ஆரம்பித்தாலே நான் குரல் கொடுப்பேன்: “கன்னு வருது, புடிச்சுக் கட்டுங்க!” தெருவே சிரிக்கும். அண்ணனும் சிரித்துக்கொண்டு, துணியை எடுத்துக் காரைத் துடைக்கப் போய்விடுவார்.

அப்புறம்தான் தஞ்சாவூரில் பழைய கார்களுக்கு ஒரு கண்காட்சி என்று வந்தது. முதல் வருடம் துணைக்கு நானும் போனேன். அங்கே வந்தவர்களைப் பார்த்த பிறகு எங்கள் அண்ணன் எனக்குச் சாதாரண மனிதராகத் தெரிந்தார். ஒருத்தர் தன் காரை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். ஓட்டி வந்தால் டயரில் மண் ஒட்டுமாம். ஒருத்தர் காது குடைகிற பஞ்சுக் குச்சியால் காரின் மூக்கைக் குடைந்துகொண்டிருந்தார். இன்னொருத்தர் யாராவது கிட்டே வந்தால், “மூச்சு விடாம பாருங்க சார், கண்ணாடி மங்குது” என்றார்.

தொப்பி போட்டுக்கொண்டு மூன்று ஜட்ஜுகள் வந்தார்கள். கையில் டார்ச் லைட். ஒரு குச்சி நுனியில் கண்ணாடியைக் கட்டிக் காருக்கு அடியில் விட்டு விட்டுப் பார்த்தார்கள். பெண் பார்க்க வருகிற சம்பந்தி வீட்டார்கூட இப்படிப் பார்க்க மாட்டார்கள். எங்கள் காரைப் பார்த்து எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார்கள். பின் கதவைத் திறந்ததும் பெரிய ஜட்ஜு நின்றுவிட்டார்.

“என்ன சார் இது?”

அண்ணன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். “அன்னைக்கு மழைன்னா மழை சார்...” என்று ஆரம்பித்து, திருத்துறைப்பூண்டியில் கிளம்பி என் கொட்டகைக்கு வந்து சேருகிறவரை ஒன்று விடாமல் சொன்னார். சுற்றி ஒரு கூட்டமே கூடிவிட்டது. என்னைக் காட்டி, “இந்தத் தங்கச்சி வீட்டுலதான் சார் வளந்துச்சு” என்றார். நாலு பேர் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான்தான் கன்றோ என்று நினைத்தார்கள் போல.

ஜட்ஜு பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “சீட் டேமேஜ். அரை மார்க் குறைக்கிறோம்.”

“டேமேஜ் இல்ல சார். கடி.”

“எது கடிச்சாலும் டேமேஜ்தான். எலியோ நாயோ...”

“நாயா? சார், மாட்டுக்கு மேல முன்பல்லு கெடையாது. கீழ்ப்பல்லு மட்டுந்தான். தடத்தப் பாருங்க. இது நாய் கடியா?”

“கம்பெனியிலேர்ந்து வந்தப்ப எப்படி இருந்துச்சோ அப்படி இருக்கணும் சார். அதுதான் ஒரிஜினல்.”

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. “ஏன் சார், நீங்க பொறந்தப்பவே தொப்பியோடதான் பொறந்தீங்களா?” என்று கேட்டுவிட்டேன். அரை மார்க்கோடு நின்றது அவருடைய பெருந்தன்மை.

அந்த அரை மார்க்கில்தான் முதல் பரிசு போனது. ஊருக்கு வந்ததும் டீக்கடையில், “அண்ணன் எங்க?” என்று யாரோ கேட்டார்கள். “அரைமார்க்கா? காரத் தொடைக்கிறாரு” என்றேன். அவ்வளவுதான். மறுநாள் காலையில் தபால்காரர்கூட, “அரைமார்க்கு சார், லெட்டர்!” என்றார். பெயர் வைத்தவள் நான்தான். அவரைப் பெற்றவர்கள் வைத்த பெயர் அன்றோடு ரேஷன் கார்டுக்குள் போய்ப் படுத்துக்கொண்டது.

அடுத்த வருடம் ஒரு மாட்டுத் தாடை எலும்பை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு போனார், சாட்சிக்கு. ஜட்ஜு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “இது எந்த வண்டி பார்ட்டு?” என்று கேட்டாராம். அதற்கடுத்த வருடம் மினி லாரியில் என் வீட்டு மாட்டையே ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

“இதா கடிச்ச மாடு?”

“இல்ல சார், கடிச்சதோட பேத்தி.”

பேத்தி நல்ல பசியில் இருந்தது. ஜட்ஜு ஒரு நிமிடம் அந்தப் பக்கம் திரும்பினார். மார்க் போட்ட தாளைத் தின்றுவிட்டது. அந்த வருடம் வந்த கார்கள் அத்தனைக்கும் முதலிலிருந்து மார்க் போட்டார்கள். அண்ணனுக்கு மறுபடியும் அரை குறைந்தது.

“ஏண்ணே, குறைப்பாங்கன்னு தெரிஞ்சே வருஷா வருஷம் போறீங்களே, வெக்கமா இல்லையா?” என்று ஒரு தடவை கேட்டேன்.

“அங்க கேக்குறாங்கல்ல தங்கச்சி” என்றார்.

ஜட்ஜுகள் கேள்வி கேட்கிறதைச் சொல்கிறார் என்று நினைத்தேன். எனக்கு இருக்கிற மூளை அவ்வளவுதான்.

ஒன்பதாவது வருடம் அவருக்குக் கண்புரை ஆபரேஷன். தஞ்சாவூரில் மகள் வீட்டில் ஒரு மாதம் இருந்தார். தினமும் ஒரு தடவை என்ஜினை மட்டும் ஓடவிடச் சொல்லிச் சாவியை என்னிடம் கொடுத்திருந்தார். சாவி கையில் இருந்ததா, எனக்கு யோசனை பிறந்தது. இந்த மனிதர் என் பிள்ளைகளுக்குப் பால் கொண்டுவந்தவர். இவருக்கு நான் என்ன செய்தேன்? ஒரு கேலிப் பெயர் வைத்தேன். அந்த அரை மார்க்கையாவது வாங்கிக் கொடுத்துவிடலாம்.

கடைகடையாக ஏறி, அதே அரக்கு நிறத்தில் தோல் துணி வாங்கினேன். கடித்த ஓரத்தைக் கத்தரித்து எடுத்தேன். புது நார் வைத்தேன். நாலு நாள் உட்கார்ந்து, தையல் போட்ட இடம் எனக்கே தெரியாதபடி தைத்தேன். மேலே ஒரு போர்வையைப் போட்டு மூடினேன்.

கண்காட்சிக்கு முந்தின நாள்தான் ஊருக்கு வந்தார். ஓட்டுவதற்கு மருமகன் கூட வந்திருந்தான். “அண்ணே, தூசி படாம மூடி வச்சிருக்கேன். அங்க போய் எடுங்க” என்று வழியனுப்பினேன். என் சாமர்த்தியத்தை நினைத்து நானே சிரித்துக்கொண்டேன்.

சாயங்காலம் கார் வந்தது. எப்போதும் தெருமுனையிலேயே ஹாரன் அடிப்பவர், அடிக்கவில்லை. இறங்கினார். கையில் கப்பு. குழந்தையை உட்கார வைத்துக் குளிப்பாட்டலாம், அவ்வளவு பெரிசு.

“அண்ணே! வந்துடுச்சா?”

“வந்துடுச்சு தங்கச்சி. மொதப் பரிசு.”

நான் போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது. “இனிமே முழுமார்க்கு!” என்றார்கள். மருமகன் எல்லாருக்கும் லட்டு கொடுத்தான். அண்ணன் எல்லாருக்கும் கும்பிடு போட்டுவிட்டு, குழாயடியில் வெகுநேரம் கால் கழுவிக்கொண்டிருந்தார். நான் கிட்டே போனேன்.

“என்னண்ணே, கண்ணு வலிக்குதா?”

“இல்ல. ரொம்ப நல்லா தச்சிருக்கம்மா. தையலே தெரியல.”

“அப்புறம் என்ன?”

“ஒருத்தரும் கேக்கல.”

“என்ன கேக்கல?”

“இது என்னன்னு கேக்கல. பெரிய ஜட்ஜு கதவத் தொறந்தாரு, டார்ச் அடிச்சாரு, தலைய ஆட்டுனாரு, கதவ மூடிட்டாரு. வந்தவங்க எல்லாம் நல்லாருக்குன்னாங்க, போயிட்டாங்க. நான் வாயத் தொறக்கவே வேலை இல்ல.” குழாயை மூடினார். “வருஷத்துல அந்த ஒரு நாளு, அந்தக் கன்னு தண்ணியிலேர்ந்து ஏறி உன் வீட்டுக்கு வரும். இந்த வருஷம் வரல.”

அங்கே அவர் மார்க்குக்காகப் போனதே இல்லை. தெருவில் நாங்கள் கேட்க மறுத்ததை, அங்கே நாலு பேர் நின்று கேட்டார்கள். அதற்காகத்தான் போனார். அவர் ஆரம்பிக்கும்போதெல்லாம், “கன்னு வருது, புடிச்சுக் கட்டுங்க” என்று கத்தியது யார்? கடைசியில் கட்டியும் போட்டுவிட்டேன்.

வீட்டுக்கு ஓடி, தையல் பெட்டியைத் திறந்தேன். கத்தரித்த துண்டை எறியவில்லை. நார் நிறைய இருந்ததால் ஊசி குத்தி வைக்க வைத்துக்கொண்டிருந்தேன். கொண்டுபோய் நீட்டினேன். “அண்ணே, ஒரே நாள்ல பிரிச்சுட்டு, இதையே மறுபடி தச்சுத் தரேன். அடுத்த வருஷம் கேப்பாங்க.”

புதுக் கண்ணால் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஊசிகளுக்கு நடுவில் பல் தடத்தை விரலால் தடவினார்.

“தச்சு வச்ச கடி ஒரிஜினல் ஆகாது தங்கச்சி.”

“அடக் கடவுளே, நீங்களும் ஜட்ஜு ஆயிட்டீங்களா!”

அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார். “ஆமா. உனக்கு அரை மார்க் குறைக்கிறேன். இத நீயே வச்சுக்க. ஊசி துருப்பிடிக்காம பாத்துக்க.”

அதற்குப் பிறகு அவர் கண்காட்சிக்குப் போகவில்லை. கப்பில் அண்ணி புளி போட்டு வைத்தாள். நான் ஒருநாள் வலியப் போய் உட்கார்ந்து, “அண்ணே, அன்னைக்கு மழை எப்படி?” என்று கேட்டேன். “ஒனக்குத் தெரியாததா?” என்று துணியை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். கேட்க வேண்டிய காலத்தில் கேட்டிருக்க வேண்டும்.

போன மாசியில், காரைத் துடைத்துவிட்டு வந்து படுத்தவர், எழுந்திருக்கவில்லை.

தெருப் பையன்கள் கண்ணீர் அஞ்சலி பேனர் அடிக்கக் கிளம்பினார்கள். பெயர் என்ன போடுவது என்று பெரிய வாக்குவாதம். ரேஷன் கார்டுப் பெயரைப் போட்டால் யார் செத்தது என்று ஊரில் யாருக்கும் தெரியாது. அரைமார்க்கு என்று போட்டால் மரியாதையாக இல்லை. “கப்பு வாங்குனவரு, முழுமார்க்குன்னு போடுவோம்” என்றார் பக்கத்து வீட்டுக்காரர். எல்லாரும் என் வாசலுக்கு வந்தார்கள். பெயர் வைத்தவள் நான்தானே?

“அரைமார்க்குன்னே போடுங்க” என்றேன். “மிச்ச அரை மார்க்கு என் தையல் பெட்டியில இருக்கு.”

அது எப்படி என்று ஒருவர் கேட்டார். எல்லாரையும் உட்காரச் சொன்னேன்.

“அன்னைக்கு மழைன்னா மழை...”