நானூற்றுப் பன்னிரண்டு கட்டைவிரல்கள்

கணினித் திரையில் ஒரு முக்கோணம் வரைய முப்பதாயிரம் வரி நிரல் வேண்டும். ஏன் என்று யாரும் கேட்பதில்லை. அந்த முப்பதாயிரத்தையும் எழுதி, வேண்டியவர் எடுத்துக்கொள்ளட்டும் என்று நிரல் நூலகமாக வைத்திருப்பது ப்ளோவ்டிவ் நகரில் இருக்கும் எங்கள் அலுவலகம். நான் அங்கே அறிவிப்புகள் எழுதுகிறவள்.

மூன்று வருடத்துக்கு முன் பயனாளர்களிடமிருந்து ஒரு கோரிக்கை வந்தது. "கம்பைலர் ஒவ்வொரு தடவையும் எல்லா வரியையும் முதலிலிருந்து படிக்கிறது. ஆகவே மாட்யூல் வேண்டும்." கம்பைலர் என்பது நிரலை இயந்திரத்துக்குப் புரியவைக்கும் மென்பொருள். மாட்யூல் வேறொன்றுமில்லை. வேளாவேளைக்கு மிளகாய் சுட்டு அரைக்காமல், இலையுதிர் காலத்தில் ஒரே மூச்சில் அரைத்து ஜாடியில் அடைத்து வைக்கிறோமே, அதுதான். ஒரே சங்கடம், ஓர் அடுப்பில் செய்த ஜாடியை இன்னோர் அடுப்பு திறக்காது. எங்களிடம் கம்பைலர் மூன்று, அதாவது அடுப்பு மூன்று. ஆனாலும் கோரிக்கையின் கீழே நானூற்றுப் பன்னிரண்டு பேர் கட்டைவிரலை உயர்த்தியிருந்தார்கள். இதற்கு மேல் என்ன வேண்டும்?

நவீனமயத் துறைத் தலைவர் ஸ்னெஜானா பொப்கிரோவா உடனே ஆணை பிறப்பித்தார். எதை எந்த வரிசையில் கட்டுவது என்று இயந்திரத்துக்குச் சொல்லும் கட்டுமானக் கோப்பைப் பார்த்துவந்த வெலிஸ்லாவ் த்சான்கோவ், இன்று முதல் மாட்யூல் ஆதரவுப் பொறுப்பாளர். கட்டியது சரியா என்று திரையில் காட்டும் சோதனை விளக்கு பச்சையாக எரியும்வரை அவர் மனிதர். சிவப்பானால் லீவு கிடையாது.

பதினோரு மாதமாக விளக்கு பச்சை. அந்தத் தைரியத்தில் வெலிஸ்லாவ் வெள்ளிக்கிழமைக்கு லீவு கேட்டார். மகள் ராலிட்சா பள்ளிப் படிப்பை முடிக்கிறாள். எங்கள் ஊரில் அது கல்யாணத்துக்குக் குறையாத விசேஷம். பிள்ளைகள் காரில் இருந்து தலையை நீட்டி, படித்த வகுப்புகளை ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை எண்ணித் தொண்டை கிழியக் கத்திக்கொண்டு வருவார்கள். அப்போது அப்பன் வாசலில் நிற்க வேண்டும். நிற்காத அப்பனைப் பற்றி முப்பது வருடம் பேசுவார்கள். லீவு "கொள்கையளவில்" அனுமதிக்கப்பட்டது.

செவ்வாய்க்கிழமை வெலிஸ்லாவ் ஒரு நல்ல காரியம் செய்தார். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

எங்கள் கட்டுமானக் கருவி மாட்யூலை லேசில் தொடாது. "இது இன்னும் முழுமையாகாத வசதி என்பதை அறிவேன்" என்று ஒப்புக்கொள்ளும் அடையாளமாக, முப்பத்தாறு எழுத்துள்ள ஓர் எண்ணைக் கோப்பில் ஒட்ட வேண்டும். கருவி புதிதானால் எண்ணும் மாறும். லீவில் போகுமுன் எல்லாம் ஒழுங்காக இருக்கட்டுமே என்று வெலிஸ்லாவ் எண்ணைச் சரிபார்த்தார். பழசு. புதியதை ஒட்டினார். உடனே விளக்கு சிவந்தது. மூன்று அடுப்பும் மூன்று விதமாகப் புகைந்தன.

ஸ்னெஜானா அவரை அழைத்தார். குறிப்பெடுக்க நானும் போனேன்.

"இவ்வளவு நாளும் பச்சையா இருந்துச்சே, எப்படி?"

"எண் பழசு மேடம். அதனால கருவி மாட்யூலைக் கட்டவே இல்லை. கட்டாததுல தப்பு வராதே, பச்சை காட்டிருச்சு."

"எத்தனை நாளா?"

"பதினோரு மாசமா."

"அப்ப நீங்க கை வெச்சப்புறம்தான் கெட்டுப்போச்சு."

"இல்லை மேடம், ஏற்கெனவே கெட்டுத்தான்..."

"பச்சையா இருந்துச்சா இல்லையா?"

"இருந்துச்சு."

"நீங்க தொட்டீங்களா இல்லையா?"

வெலிஸ்லாவ் நெற்றியைத் தடவினார். "தொட்டேன்."

"லீவு ரத்து."

"மேடம், பதினோரு மாசமா ஒருத்தர்கூட புகார் சொல்லலை. யாரும் பயன்படுத்தலைன்னுதானே அர்த்தம்? பேசாம எடுத்துடலாமே."

"நானூத்திப் பன்னெண்டு பேர் கேட்டது!"

"கேட்டாங்க மேடம். கேட்டதோட சரி."

வெளியே வந்ததும் அவருடைய போன் அடித்தது. ராலிட்சா பேசியது எனக்கே கேட்டது. "அப்பா, நீ வாசல்ல நிக்கலைன்னா நான் பதினொண்ணோட நிறுத்திருவேன், சொல்லிட்டேன்!"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அண்ணே, 'மாட்யூல் ஆதரவு நீக்கப்படுகிறது, பயன்படுத்துவோர் தெரிவிக்கவும்'னு ஒரு அறிவிப்பு போடறேன். ஒரு ஈ காக்கா வராது. அதைக் காட்டி மேடம் வாயை அடைச்சிரலாம்."

மதியத்துக்குள் எழுநூறு பேர் வந்துவிட்டார்கள். துரோகம் என்றார்கள், பிற்போக்கு என்றார்கள். வெலிஸ்லாவ் பொறுமையாக ஒவ்வொருவரையும் கேட்டார், "நீங்க எந்த இடத்துல பயன்படுத்துறீங்க? சொன்னா சரிபண்ணித் தர்றேன்."

"நாங்க இன்னும் மாறலை. ஆனா மத்தவங்களுக்கு வேணும்ல?" என்றார் ஹெல்சிங்கிக்காரர்.

"எங்களுக்குப் பழைய முறையே போதும். அதுக்காக மாட்யூல் இல்லாத நூலகத்தை மனுஷன் தொடுவானா?" என்றார் லிஸ்பன்காரர்.

எழுநூறு பேரில் பயன்படுத்துகிறவர் பூஜ்யம். ஒருவர் மட்டும் மாட்யூலுக்குத் தனிச் சின்னம் வரையச் சொல்லியிருந்தார்.

வியாழக்கிழமை மேடம் தலைமையில் அலுவலகக் குழு கூடியது. நாலு மணி நேரம் ஆலோசித்து, "விளக்கின் பச்சைத்தன்மையை மீட்டெடுக்கும் பொருட்டு, முன்னர் நிலைபெற்றிருந்த எண்ணையே மீண்டும் பயன்படுத்துவது" என்று ஏகமனதாகத் தீர்மானித்தது.

"அப்ப மாட்யூல் ஓடாதே மேடம்," என்றார் வெலிஸ்லாவ்.

"ஓடலைன்னா விழவும் விழாது. ஒட்டுங்க. நாளைக்கு லீவு."

அவர் தன் நாற்காலிக்குத் திரும்பினார். "தினமும் சாயங்காலம் அந்தப் பச்சையை ஒரு தடவை பார்த்துட்டுத்தாம்மா வீட்டுக்குக் கிளம்புவேன்," என்றார். எனக்கு அழுகை வந்தது. பிறகு பழைய எண்ணைத் தன் கையாலேயே ஒட்டினார். பச்சை.

நான் அறிவிப்பு எழுதினேன்: "இப்பதிப்பில் மாட்யூல் ஆதரவு முன்னெப்போதும் இல்லாத அளவுக்கு நிலைப்படுத்தப்பட்டுள்ளது." தொள்ளாயிரம் கட்டைவிரல்கள் உயர்ந்தன. வேகம் இரண்டு மடங்கு கூடிவிட்டது என்று ஒருவர் நன்றிகூட எழுதினார்.

வெள்ளிக்கிழமை வெலிஸ்லாவ் வாசலில் நின்றார். ராலிட்சா பன்னிரண்டையும் முழுசாகக் கத்தினாள். மனிதர் சின்னப்பிள்ளை மாதிரி அழுதார். அவர் வீட்டு விருந்தில் எல்லோரும் கைகோத்து ஆடிக்கொண்டிருக்க, நான் ஓர் ஓரமாக உட்கார்ந்து அந்தப் பழைய கோரிக்கையைப் போனில் திறந்தேன். இந்த வம்புக்கு முதலில் விரலை உயர்த்திய புண்ணியவான் யார் என்று பார்த்துவிட ஆசை. கட்டைவிரல் பட்டியலில் முதல் பெயர் வெலிஸ்லாவ் த்சான்கோவ்.

"அண்ணே! முதல் விரலே உங்களுதா?"

ஆடி மூச்சிரைக்க வந்து உட்கார்ந்தவர் வெட்கத்தோடு சிரித்தார். "ஆமாம்மா. எனக்குத் தேவைப்படலை. மத்தவங்களுக்கு ஆகுமேன்னுதான்..."

இரண்டாவது பெயர் என்னுடையது. அவர் எட்டிப் பார்ப்பதற்குள் போனைப் பையில் போட்டுக்கொண்டேன்.