போர்டு எழுதப் போன புதன்கிழமை

பயந்தாங்கொள்ளிகளில் இரண்டு வகை உண்டு. பயத்தை வெளியே சொல்லிவிடுகிறவன் எப்படியாவது பிழைத்துக்கொள்வான். அதை மறைக்க ஏணியில் ஏறுகிறவன் ஒருவன் இருக்கிறானே, அவன்தான் நான்.

எழுபதுகளில் கும்மிடிப்பூண்டிப் பக்கம் புதுப்புதுக் கம்பெனிகள் முளைத்தன. சுவரில் பெயர் எழுத ஊத்துக்கோட்டையிலிருந்து பஸ் ஏறிப் போவேன். ஒருநாள் முதல் எழுத்துக்கு பிரஷ்ஷைத் தூக்கியதும் கை உதறியது. நெஞ்சு மாவு மில் மாதிரி அடித்துக்கொண்டது. வெயில் என்று சொல்லி இறங்கிவிட்டேன். மறுநாள் வானம் மூடிக்கொண்டிருந்தது. (சாக்கும் போச்சு.)

"அடுத்த வாரம் திறப்பு விழா. முடியலன்னா சொல்லிடுப்பா, வேற ஆளப் பாக்கறேன்" என்றார் மானேஜர்.

உள்ளே மெஷின் ஓட்டுகிறவனுக்குக் கம்பெனியே வைத்தியம் பார்க்கும். வெளியே சுவரில் தொங்குகிறவனை யார் பார்ப்பார்கள்? திருவள்ளூரில் ஒரு தர்ம ஆஸ்பத்திரிக்குப் புதன்கிழமைதோறும் மனசு டாக்டர் வருகிறார், காசு வாங்குவதில்லை என்று என் மனைவி மல்லிகா விசாரித்துக்கொண்டு வந்தாள்.

"யார்னா பாத்தா பைத்தியம்பாங்களே!"

"கை இப்டியே உதறிக்கினு இருந்தா சோத்துக்கு இன்னா பண்றது?"

போனேன். ஆனால் புத்திசாலித்தனமாக (அப்படித்தான் நினைத்தேன்) பெயின்ட் டப்பாவோடு போனேன். யாராவது கேட்டால் வேலைக்கு வந்தவன்!

பெஞ்சில் உட்கார்ந்து நிமிர்ந்தால் எதிரே வஜ்ஜிரவேலு மாமா. மல்லிகாவின் தாய்மாமன், நாடக செட்டில் ஆர்மோனியக்காரர். அவர் காதில் ஒன்று விழுந்தால் சாயங்காலத்துக்குள் ஊத்துக்கோட்டையே பேசும். கையில் டிபன் கேரியர்.

"இன்னா மாப்ள, இங்க?"

"போர்டு எழுத வந்தேன் மாமா. நீங்க?"

"தெரிஞ்சவரு ஒருத்தரு படுத்துக்கினு கீறாரு. சாப்பாடு."

அத்தோடு விட்டாரா? என் தலைக்கு மேல் மங்கிக் கிடந்த 'மனநோய்ப் பிரிவு' போர்டைப் பார்த்தார். "கம்பவுண்டரே, ஏணி கொண்டாங்க! நம்ம மாப்ள எழுத்து அச்சு மாதிரி இருக்கும்!"

ஏணி வந்தது. மாமாவே பிடித்துக்கொண்டார். ஏறினேன். நான் எழுதிய 'ம', படுத்த எருமை எழுந்திருக்கப் பார்ப்பது போல வந்தது. மீதி பெயின்ட் மாமாவின் வழுக்கையில் சொட்டியது. பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாம் எழுந்து நின்று பார்த்தார்கள்.

"இவருக்கு நானே தேவலாம் போலக்கீதே" என்றார் ஒருவர்.

"மாமா, ஏணிய ஆட்டாதீங்க!"

"நீதான்யா ஆட்ற!"

சத்தம் கேட்டு டாக்டர் வெளியே வந்தார். என் கையைப் பார்த்தார். "போர்டு கிடக்கட்டும். இறங்கி உள்ள வாங்க."

"நான் பெயின்டர் சார்!"

"அதனால என்ன? பெயின்டரையும் பார்ப்பேன்." பிறகு கீழே திரும்பினார். "வஜ்ஜிரவேலு, போன வாரம் ஏன் வரல? தூக்கம் வருதா?"

ஏணி ஆடுவது நின்றது. நான் கேரியரைப் பார்த்தேன்.

"காலி கேரியர்தான் மாப்ள" என்றார் மாமா, சன்னமாக. "நாடகம்னாலே தூக்கம் பூடுது. ஊட்ல சொல்லிடாத."

அந்தக் கம்பெனிச் சுவர் வேறு ஆளுக்குப் போய்விட்டது. ஆனால் அடுத்த புதனிலிருந்து மாமாவும் நானும் ஒரே பஸ்ஸில் போனோம். கேரியரில் மல்லிகா (அவளிடம் மட்டும் சொல்லிவிட்டோம்) நிஜமாகவே புளிசாதம் கட்டிக்கொடுத்தாள். மாத்திரை கொஞ்சம், பேச்சு நிறைய என்று ஒருவழியாகக் கை நின்றதும், அந்த 'ம'வைத் திருத்தப் போனேன். டாக்டர் விடவில்லை. "இருக்கட்டும்யா. வாசல்ல தயங்கறவங்க அதைப் பார்த்துட்டு சிரிச்சிக்கிட்டே உள்ள வராங்க."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யார் முகம் சுண்டினாலும் மல்லிகாவின் கேள்வி ஒன்றுதான்: "இன்னா, போர்டு எழுதப் போணுமா?"

போன பொங்கலுக்குப் பையன் வந்திருந்தான். மெட்ராஸில் பத்திரிகைகளுக்குப் படம் போடுகிறவன். பொங்கலை வாயில் வைக்காமல் பிசைந்துகொண்டே இருந்தான். மல்லிகா கேட்டாள். அவன் சிரித்தான். அப்புறம், "ஆமாம்மா" என்றான்.

நான் பரண்மேல் கிடந்த மாமாவின் பழைய கேரியரை எடுக்க ஏணி போட்டு ஏறினேன். அவன் கீழே பிடித்துக்கொண்டான்.

"டேய், ஆட்டாதடா!"

"நீதான் நைனா ஆட்ற!"