ஜம்பு அங்கிளின் கார்டு

"இன்னியோட இந்த ஆத்துல அடிமைத்தனம் ஒழிஞ்சது!"

மாடுங்கா நாணு இப்படி அறிவித்தபோது அவர் மனைவி விசாலாக்ஷி பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். நறுக்குவதை நிறுத்தவில்லை. முப்பத்தோரு வருஷத்துத் தாம்பத்தியத்தில் இது ஒன்பதாவது விடுதலை.

"யாருக்கு?" என்றாள்.

"கம்ப்யூட்டருக்கு. விண்டோஸை அழிச்சாச்சு. இனிமே லினக்ஸ். யார் வேணும்னாலும் திறந்து பாக்கலாம், திருத்தலாம், ஒரு தம்பிடி கேக்கமாட்டா."

"அஞ்சு மணிக்கு எனக்கு மேத்ஸ் கிளாஸ் இருக்கு. அது திறக்குமா?"

"பேஷாத் திறக்கும். ஒரு டிரைவர் மட்டும் வரணும்."

நாணு ஃபோர்ட்டில் ஒரு இன்ஷூரன்ஸ் ஆபீஸிலிருந்து போன மாதம்தான் ரிடையர் ஆகியிருந்தார். விசாலாக்ஷி பள்ளிக்கூடத்திலிருந்து முன்பே ரிடையர் ஆனவள். வீட்டுக் கம்ப்யூட்டர் வழியாகப் பதினோரு குழந்தைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். அந்தக் கம்ப்யூட்டரில்தான் நாணு கை வைத்துவிட்டார்.

வெறுமனே கை வைக்கவில்லை. கம்ப்யூட்டர் சாமான் கடைகள் நிறைந்த லாமிங்டன் ரோடில் செகண்ட்ஹேண்டாக ஒரு கிராஃபிக்ஸ் கார்டும் வாங்கி உள்ளே செருகியிருந்தார். திரையில் படம் பளிச்சென்று தெரிவதற்கான அட்டை அது. அட்டைப்பெட்டியின் மேல் ‘ஜம்பு’ என்று ஒரு பெயரும் போன் நம்பரும் எழுதியிருந்தன. "ஜம்பு அங்கிள் கா மால் ஹை. பேச்சாரே, சலே கயே" என்றான் கடைக்காரன். ஜம்பு அங்கிளின் சரக்காம்; பாவம், போய்விட்டாராம். நாணு அந்தப் புண்ணியாத்மாவுக்காக ஒரு நிமிஷம் தலைகுனிந்து நின்றார். வீட்டுக்கு வந்து ரசம் சாதத்தின்போது விசாலாக்ஷியிடம் சொல்லிக் கண்கலங்கவும் செய்தார்.

டிரைவர் என்பது கார்டுக்கும் சிஸ்டத்துக்கும் நடுவே நின்று பேசிவைக்கும் தரகர் மாதிரி ஒரு புரோகிராம். கார்டு செய்த கம்பெனி விண்டோஸுக்கு அதை வெற்றிலை பாக்கு வைத்துக் கொடுத்தது. லினக்ஸ்காரன் போய்க் கேட்டால் வாசலோடு திருப்பி அனுப்பியது. நாணு பதினான்கு கடிதம் எழுதினார். ‘உங்கள் கருத்து எங்களுக்கு மிக முக்கியம்’ என்று பதினான்கு பதில் வந்தது.

இரண்டு வாரம் ஆயிற்று. திரை மூன்று நிமிஷம் உயிரோடு இருக்கும். பிறகு பச்சைக் கோடுகள் நெளியும். பிறகு இருட்டு. விசாலாக்ஷி உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு, உள்ளங்கை அகல மொபைலில் கண்ணை இடுக்கிக்கொண்டு அல்ஜீப்ரா நடத்தினாள். "மிஸ், நீங்க எழுதறது எறும்பு மாதிரி இருக்கு" என்று குழந்தைகள் கத்தினார்கள். மூன்று பேர் வகுப்பிலிருந்து நின்றே விட்டார்கள்.

"டிரைவர் இன்னும் வரலையாமே?" என்று பக்கத்து ஃபிளாட் அம்மிணி மாமி துக்கம் விசாரித்தாள்.

"வரலை மாமி. கம்பெனி குடுக்கமாட்டேங்கறான்."

"கார் எப்போ வாங்கினேள்?"

நாணு கதவைச் சாத்திக்கொண்டார்.

ஜூலை மாதத்து மழை. மாலை ஐந்துக்கே கிங்ஸ் சர்க்கிள் முழுக்க விளக்கு எரிந்தது. கறுத்துப்போன திரையின் முன்னால் நாணு தனியாக உட்கார்ந்திருந்தார். திரைக்குள்ளிருந்து ஒரு முகம் அவரையே பார்த்தது. அவருடைய முகம்தான். ஆனால் அவர் இமைத்து ஒரு கணம் கழித்து அது இமைத்தது போலிருந்தது. உள்ளே கார்டின் விசிறி யாரோ பெருமூச்சு விடுவது போலச் சுழன்று நின்றது.

தைரியத்துக்காகத் தன் மொபைலை எடுத்து, லினக்ஸ்காரர்கள் கூடும் இணைய அரட்டையில் கம்பெனியின் ஏழு தலைமுறையையும் திட்டினார். உடனே தனியாக ஒரு பதில் வந்தது. அனுப்பியவர் பெயர் ஜம்பு.

‘திட்டுவது இருக்கட்டும். அடுப்பில் பால் பொங்குகிறது. போய்ப் பார்.’

நாணு ஓடினார். பால் பாத்திரத்தின் விளிம்பில் நின்றது. விசாலாக்ஷியின் அறைக்கதவு சாத்தியே இருந்தது. உள்ளே எக்ஸ் ஸ்கொயர், ஒய் ஸ்கொயர்.

மறுநாள் முதல் காரியமாகக் கம்ப்யூட்டரின் கேமரா மேல் பிளாஸ்டர் ஒட்டினார். மாலை ஐந்தேகாலுக்குச் செய்தி வந்தது.

‘பிளாஸ்டர் ஒட்டினால் எனக்குத் தெரியாதா? பனியனைத் திருப்பிப் போட்டிருக்கிறாய்.’

குனிந்து பார்த்தார். தையல் வெளியே இருந்தது.

இருந்தாலும் முப்பத்தாறு வருஷம் இன்ஷூரன்ஸ் கிளெய்மில் பொய்களைப் பிடித்த மூளை. இரவெல்லாம் யோசித்து ஒரு பொறி வைத்தது.

"விசாலம், என் போன்ல சார்ஜ் இல்லை. உன் போனைக் கொஞ்சம் குடேன்."

"சார்ஜர்ல போட்டிருக்கேன். இதோ எடுத்துண்டு வரேன்."

கொண்டுவந்து கொடுத்தாள். அதைத் தன் சட்டைப்பையில் பத்திரமாகப் போட்டுக்கொண்டார். அவள் எதிரிலேயே உட்கார்ந்து சப்பாத்தி மாவு பிசைய ஆரம்பித்தாள். இரண்டு கையிலும் மாவு. இனி எப்படி அனுப்புவாள், பார்க்கலாம்! முதுகைத் திருப்பிக்கொண்டு தன் மொபைலில் தட்டினார்: ‘நீ யார்?’

பதில் வந்தது.

‘பெண்டாட்டி போனைத் திருப்பிக் கொடு.’

நாணு சட்டைப்பையைத் தடவிப் பார்த்தார்; அவள் போன் உள்ளேதான் இருந்தது. அவள் பாட்டுக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். வெளியே மழை. நாணு எழுதினார்: ‘ஜம்பு மாமா, உமக்கு என்ன வேணும்? திதி ஏதாவது விட்டுப்போச்சா?’

‘பழைய சிஸ்டத்தைப் போடு. ஐந்து மணிக்குக் குழந்தைகள் காத்திருக்கிறார்கள். அதுவரை இந்தக் கார்டை விட்டு நான் போகமாட்டேன்.’

அரை மணியில் லினக்ஸ் அழிந்தது. விண்டோஸ் திரும்பிவந்தது. நாணு கம்ப்யூட்டர் பெட்டிக்கு விபூதி பூசிவிட்டு எட்ட நின்றார். திரை பளிச்சென்று விரிந்தது. "மிஸ், இப்போ நன்னாத் தெரியறது!" என்று எட்டுக் குரல் கேட்டது. விசாலாக்ஷி அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. போர்டில் பெரிய எழுத்தில் ஒரு சமன்பாடு எழுதினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை அழைப்பு மணி அடித்தது. நாணு கதவைத் திறந்தார். நனைந்த குடையோடு மெலிந்த ஒருவர் நின்றிருந்தார்.

"நான் ஜம்பு" என்றார்.

நாணு வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டார். பார்வை தானாகக் கீழே போயிற்று. கால் இரண்டும் தரையில்தான் இருந்தது. செருப்பிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"நீர்... சலே கயே..."

"ஆமாம் சார், தாணேக்கு. பையன் அங்கே ஃபிளாட் வாங்கிட்டான். வீடு மாத்தும்போது பழைய சாமானையெல்லாம் கடையில போட்டேன்."

"வாங்கோ வாங்கோ" என்று உள்ளேயிருந்து விசாலாக்ஷி வந்தாள். "ஏன்னா, வழியை விடுங்கோ. நான்தான் டிபனுக்குக் கூப்பிட்டேன். பெட்டி மேல நம்பர் இருந்தது. போன் பண்ணினேன், ‘ஹலோ’ன்னார். அப்பவே தெரிஞ்சுடுத்து உயிரோட இருக்கார்னு."

"பால்?"

"அடுப்புல வச்சுட்டு, இவர்கிட்ட போன்ல சொல்லிட்டுத்தான் உள்ளே போனேன். உங்களுக்கு எழுதினதெல்லாம் இவர்தான்."

"பனியன்?"

"நானும் பாத்துண்டுதானே இருக்கேன்."

"அன்னிக்கு உன் போன் என் பையில இருந்ததேடி!"

"சார்ஜர்லேர்ந்து எடுக்கப் போனேனே, அந்த அரை நிமிஷம் போறாதா, இவருக்குச் சொல்ல?" விசாலாக்ஷி இட்லித் தட்டை நீட்டினாள். "ரெண்டு வாரம் நான் வாயால சொன்னேன், நீங்க கேக்கலை. செத்தவர் சொன்னாத்தான் கேப்பேள்னு தோணித்து."

நாணு ஒரு முழு இட்லியை மெல்லாமல் விழுங்கினார். மானம் போனது போகட்டும். விஷயம் தெரிந்த ஆள் கிடைத்திருக்கிறார். விசாலாக்ஷி சட்னி எடுக்க உள்ளே போகும் வரை காத்திருந்து, ஜம்புவின் காதருகே குனிந்தார்.

"எல்லாம் சரி. இந்தக் கார்டுக்கு லினக்ஸ் டிரைவர் எப்போ வரும்?"

ஜம்பு காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

"செத்துப்போனது அந்தக் கார்டுதான் சார். கம்பெனியே கைகழுவி ரெண்டு வருஷம் ஆச்சு. இல்லேன்னா நான் ஏன் அதை உங்க தலையில... சாரி, கடைக்காரன் தலையில கட்டப்போறேன்?"