குழாயடியில் எடுத்த தண்ணீர்

மனிதர்களில் ஒரு வகை உண்டு. உண்மையைத் தெரிந்துகொள்ள எல்லா ஏற்பாடும் செய்வார்கள். கருவி வாங்குவார்கள், நோட்டுப் போடுவார்கள், கட்டம் கிழிப்பார்கள், பேனாவைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு நேரம் தவறாமல் கிளம்புவார்கள். ஆனால் உண்மை எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் மட்டும் காலை வைக்கமாட்டார்கள். சோம்பேறிகள் என்று நினைத்துவிடாதீர்கள். சோம்பேறி சோதிக்கவே மாட்டான், அவனால் அவ்வளவு ஆபத்து கிடையாது. இவர்கள் படு சுறுசுறுப்பு. நல்ல பதில் வருகிறவரை விடாமல் சோதிப்பவர்கள்.

உங்களுக்குத் தெரிந்தவர்தான். ரத்தப் பரிசோதனைக்கு முந்தைய மூன்று நாள் இனிப்பு இருக்கிற திசையில் தலைவைத்துக்கூடப் படுக்காமல் இருந்து, சர்க்கரை சரியாக இருக்கிறது என்ற சீட்டு கைக்கு வந்ததும் நேரே பேக்கரிக்குள் நுழைபவர். எடை மெஷினில் செருப்போடு ஏறி, செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி, சாவிக்கொத்தை மனைவி கையில் கொடுத்துவிட்டு ஏறி, கடைசியில் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஏறும்போது வந்த எண்ணைத் தன் எடை என்று ஊருக்குச் சொல்பவர். மூச்சைப் பிடித்தால் எடை குறையுமா? குறையாது. அது அவருக்கும் தெரியும்.

நான் பார்த்தவரையில் இந்த வகையில் முழு வளர்ச்சி அடைந்தவர் என் அக்கா வீட்டுக்காரர். இரண்டு குளம் வெட்டி மீன் வளர்க்கிறார். சரியாகச் சொன்னால், அக்கா மீன் வளர்க்கிறாள், அத்தான் நோட்டு வளர்க்கிறார். அந்த நோட்டில் தண்ணீரின் அமில, காரத் தன்மையைச் சொல்கிற பி.ஹெச். எண் மழையானாலும் வெயிலானாலும் ஏழரை. திங்கட்கிழமையும் ஏழரை, வெள்ளிக்கிழமையும் ஏழரை. அதனால் மற்ற குளத்துக்காரர்கள் அவருக்கு ‘ஏழரை’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அந்தப் பெயரில் வேறு உள்நோக்கம் இல்லை என்று சத்தியம் செய்ய நான் தயாராக இல்லை.

மீன் வளர்ப்பு தெரியாதவர்களுக்கு இரண்டு வார்த்தை. மீன் பாவம், சாப்பிடுவது, கழிவது, மூச்சு விடுவது எல்லாம் ஒரே தண்ணீரில்தான். அது தின்னாமல் விட்ட தீவனம் அடியில் தங்கி அழுகும், அழுகினால் அம்மோனியா. தண்ணீரில் இருக்கிற பாசி வேறு, பகல் வெயிலில் ஆக்சிஜனைத் தாராளமாகக் கொடுத்துவிட்டு, இருட்டியதும் மீனோடு போட்டி போட்டுக்கொண்டு திரும்ப இழுத்துக்கொள்ளும். ஆகவே மீனுக்கு மூச்சு முட்டும் நேரம் விடியற்காலை. அளப்பது என்றால் அப்போது அளக்க வேண்டும்.

அத்தான் மத்தியானம் மூன்று மணிக்கு அளப்பார். ஏன் என்று கேட்டால், காலைப் பனியில் கருவி கெட்டுவிடும் என்பார். எங்கே அளப்பார்? குளத்தின் ஒரு மூலையில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் வந்து கொட்டுகிற குழாய் இருக்கிறது. அங்கே சிமெண்ட் படி உண்டு, வேப்பமரத்து நிழல் உண்டு. அந்தப் படியில் உட்கார்ந்து, குழாய்த் தண்ணீர் விழுகிற இடத்திலேயே பாட்டிலை முக்குவார். எதிர் மூலையில் முழங்கால் வரை சேறு, நாற்றம், மிச்சத் தீவனம் எல்லாம் ஒதுங்குகிற இடம். அந்தப் பக்கம் போனால் கால் அழுக்காகிவிடாதா?

பிறகு அம்மோனியா சோதனை. சின்னக் கண்ணாடிக் குழலில் தண்ணீர், அதில் எண்ணி எட்டுச் சொட்டு மருந்து, கைக்கடிகாரத்தைப் பார்த்து ஐந்து நிமிடம். மஞ்சளாக இருந்தால் நல்லது, பச்சையாக மாறினால் அம்மோனியா. கொஞ்சம் பச்சை தட்டினால் வெளிச்சம் சரியில்லை என்று குழலைக் கழுவிவிட்டு மறுபடி எடுப்பார். மூன்றாவது தடவையில் மஞ்சள் வந்துவிடும். மூன்றாவதுதான் நோட்டில் ஏறும்.

அக்காவிடம் கருவி கிடையாது, கண் உண்டு. போட்ட தீவனம் தட்டில் அப்படியே கிடக்கிறது என்று வந்து சொன்னாள். வயிறு நிறைந்திருக்கும் என்றார். இரண்டு மீன் உடம்பில் சிவப்பாகப் புண் இருக்கிறது என்றாள். சண்டை போட்டிருக்கும் என்றார். மீன்கள் குச்சியில் போய் உடம்பைத் தேய்க்கின்றன என்றபோது, உனக்கு அரித்தால் நீ சொறிவதில்லையா என்று திருப்பிக் கேட்டார். ஒருநாள் குளத்து மீன் எல்லாம் குழாயடியிலேயே வந்து மொய்த்துக்கொண்டு நின்றன. நல்ல தண்ணீர் எங்கே இருக்கிறது என்று அவற்றுக்குத் தெரிந்திருக்கிறது. அத்தானுக்கோ கண் கலங்கிவிட்டது. தன்னைப் பார்த்துப் பாசத்தில் ஓடி வருகின்றனவாம்.

இதோடு நின்றிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். நோட்டில் இவ்வளவு நல்ல எண்கள் இருக்கும்போது தண்ணீரை அடித்துக் காற்றேற்றுகிற ஏரேட்டர் எதற்கு என்று ராத்திரியில் அதை நிறுத்தச் சொன்னார். தண்ணீர்தான் தங்கமாக இருக்கிறதே என்று தீவனத்தில் ஒரு வாளியும் கூட்டினார். அக்கா தையல் கடையை மூடிவிட்டு இறங்கிய தொழில் இது. விரல் நீளக் குஞ்சாக விட்டு, எட்டு மாதம் வெயிலிலும் மழையிலும் நின்று வளர்த்திருக்கிறாள். இன்னும் பதினைந்து நாளில் மீன் பிடிக்கலாம் என்று வியாபாரியும் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்.

மூன்று நாள் சேர்ந்தாற்போல் வானம் மூட்டம் போட்டது. நான்காம் நாள் விடியற்காலையில் அக்கா போன் செய்தாள். நான் இரண்டு தெரு தள்ளி இருப்பவன், ஓடினேன். பெரிய குளத்தின் மேல்பரப்பு முழுக்க வாய்கள். ஆயிரக்கணக்கான மீன்கள் தலையைத் தூக்கி, வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. அக்கா அதற்குள் ஏரேட்டரைப் போட்டுவிட்டு, எதிர் மூலையில் இடுப்பளவு தண்ணீரில் நின்று கெட்ட தண்ணீர் வெளியே போக மடைப் பலகையைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் சின்னக் குளத்து மோட்டாரைத் தூக்கிவரச் சொன்னாள்.

அத்தான் வந்தார். கையில் பாட்டில். நேரே குழாயடிக்குப் போனார். எட்டுச் சொட்டு எண்ணினார். சுற்றிலும் மீன் மூச்சுக்குத் தவிக்கிறது, மனிதர் கடிகாரத்தைப் பார்த்து ஐந்து நிமிடம் காத்திருந்தார். பிறகு குழலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கரையோடு நடந்து அக்காவிடம் வந்தார்.

“மஞ்சள்தான், பாரு.”

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். குரலை உயர்த்தவில்லை.

“என்கிட்ட எதுக்குங்க காட்டுறீங்க? மீன்கிட்ட காட்டுங்க.”

சொல்லிவிட்டு அவர் கையிலிருந்த குழலை வாங்கிக் கொட்டினாள். நின்ற இடத்திலேயே தண்ணீர் மொண்டு, மருந்தையும் வாங்கி எட்டுச் சொட்டு விட்டாள். ஐந்து நிமிடம் தேவைப்படவில்லை. வாழையிலைப் பச்சை. அத்தான் குழலைப் பார்த்தார், மருந்துப் புட்டியில் தேதியைப் பார்த்தார், மறுபடி குழலைப் பார்த்தார். தேதி முடியவில்லை.

“இந்த மூலைத் தண்ணி எப்பவுமே இப்படித்தான்” என்றார்.

“எப்பவுமேவா?” என்றாள் அக்கா.

அவ்வளவுதான் பேச்சு. அப்போதுதான் எனக்கு உறைத்தது. மனிதருக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் எட்டு மாதமாகப் படியில் உட்கார்ந்திருக்கிறார்.

வெயில் ஏறியதும் மீன்கள் ஒவ்வொன்றாக உள்ளே இறங்கின. முந்நூற்றுப் பன்னிரண்டு இறங்கவில்லை. அவற்றை வலையில் அள்ளிக் கரையில் போட்டுவிட்டு அக்கா அங்கேயே உட்கார்ந்து அழுதாள். அத்தான் பக்கத்தில் நின்று துண்டை நீட்டினார். அவள் வாங்கவில்லை.

மிச்ச மீன் பிழைத்தது, வியாபாரியும் வந்து எடுத்துக்கொண்டு போனார். இப்போது பாட்டிலும் நோட்டும் அக்காவிடம். விடியற்காலையில் சேற்று மூலையில் இறங்கி அளக்கிறாள். வருகிற எண்ணை அப்படியே எழுதுகிறாள். அத்தான் திருந்திவிட்டாரா? தனக்கென்று ஒரு ரத்த அழுத்த மெஷின் வாங்கியிருக்கிறார். இடக்கையில் அளந்தால் அதிகமாகக் காட்டுகிறதாம். ஆகையால் வலக்கை.

இதையெல்லாம் பார்த்துச் சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்த எனக்கும் ஒரு சந்தேகம் தட்டியது. நானும் இந்த வகைதானோ? உடனே என் நெருங்கிய நண்பனுக்குப் போன் போட்டுக் கேட்டேன். சேச்சே, நீயாவது, என்றான். மனசு குளிர்ந்துவிட்டது. என் மனைவி பக்கத்து அறையில்தான் இருந்தாள். அவளைக் கேட்கலாம் என்று ஏனோ தோன்றவேயில்லை.

நீங்களும் யாரையாவது கேட்டுப் பாருங்களேன். யாரைக் கேட்பது என்று இந்நேரம் ஒரு முகம் மனதில் வந்திருக்குமே? அவரை விட்டுவிட்டு, வேறு யாரையாவது கேளுங்கள்.