ஹேட்டிக்கு மட்டும் புரியாத பாடம்

எல்லோரும் தலையாட்டினார்கள். எனவே ஹேட்டியும் ஆட்டினாள்.

"அப்ப, நேரம் ஓடுதா, இல்ல நாமதான் ஓடறோமா?" என்று கேட்டுவிட்டுப் பேராசிரியர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். கட்டம்போட்ட சட்டையும் லேசான தொப்பையுமாக வெகுநேரம் அப்படியே நின்றார். வகுப்பு முழுவதும் மளமளவென்று எழுதியது. என்னதான் எழுதுகிறார்கள் என்று ஹேட்டி பக்கத்து நோட்டை எட்டிப் பார்த்தாள். அறைத்தோழி சிமோன் கையால் மறைத்துக்கொண்டாள்.

உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்காகப் பல்கலைக்கழகம் கோடை விடுமுறையில் நடத்தும் தத்துவ வகுப்பு அது. நெப்ராஸ்காவில் ஹேட்டியின் ஊரிலிருந்து இந்த மாதிரி ஒன்றுக்கு யாரும் போனதில்லை. அவளை அனுப்புவதற்காக ஊரே தேவாலயத்தில் கூடிப் பான்கேக் சுட்டு விற்றது. கிளம்பிய அன்று தீயணைப்பு வண்டி சைரன் அடித்துக்கொண்டே எல்லைவரை கூட வந்தது. அந்த ஊருக்குத் திரும்பிப் போய், 'ஒரு வரிகூடப் புரியவில்லை' என்று எந்த வாயால் சொல்வது?

பாடம் நடத்த வேண்டியவருக்கு உடம்பு சரியில்லை, அவருக்குப் பதிலாக இன்னொருவர் வருவார் என்று முந்தின நாளே செய்தி வந்திருந்தது. பிள்ளைகள் உள்ளே நுழைந்தபோது இவர் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். "குட் மார்னிங், புரொபசர்" என்றதும் எழுந்து நின்று, "உக்காருங்க, உக்காருங்க" என்றார். சற்று நேரத்தில் ஓர் இளம்பெண் கையில் தத்துவப் புத்தகங்களோடு மூச்சிரைக்கக் கதவைத் திறந்து, இவரைப் பார்த்ததும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு அப்படியே பின்வாங்கினாள். ரொம்பப் பெரிய ஆள் போலிருக்கிறது என்று ஹேட்டி அப்போதே நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

இரண்டாம் நாள் துணிந்து கையைத் தூக்கினாள்.

"சார், எனக்கு இது சரியாப் புரியல."

"சரியாப் புரியலயா? அப்ப தப்பாப் புரிஞ்சிருக்கா?"

"தப்பாவும் புரியல சார்."

பேராசிரியரின் முகம் மலர்ந்தது. "பாத்துக்குங்க," என்று வகுப்பைப் பார்த்துச் சொன்னார். "இந்தப் பொண்ணு ஒருத்திதான் உண்மையா யோசிக்கிறா."

எல்லோரும் அதையும் எழுதிக்கொண்டார்கள். சிமோன் அடிக்கோடு வேறு போட்டாள்.

அதோடு போயிற்று நிம்மதி. மதியச் சாப்பாட்டின்போது டெஸ்மண்ட் என்கிற பையன் தட்டைத் தூக்கிக்கொண்டு அவள் எதிரே வந்து உட்கார்ந்தான். அந்த வெயிலிலும் கோட்டு போடுகிறவன்.

"தப்பாக்கூடப் புரியலன்னு சொன்னே பாரு. ராத்திரி பூரா அதையே யோசிக்கப் போறேன்."

"நெஜமாவே புரியலடா. அதுக்கு மேல ஒண்ணும் இல்ல."

"ஆமா," என்றான் அவன் பயபக்தியோடு. "அதுக்கு மேல ஒண்ணும் இல்லதான்."

சிமோனிடமாவது உண்மையைக் கொட்டிவிடலாம் என்று பார்த்தாள். சிமோன் சிகாகோக்காரி. பேசினால் எதிராளி தானாகவே இரண்டடி தள்ளி நிற்பான்.

"சிமோன், உனக்கு நெஜமா வெளங்குதாடி?"

"இதுல வெளங்க என்ன இருக்கு?" என்று சொல்லிவிட்டு சிமோன் குளியலறைக்குள் போய்த் தாழ்போட்டுக்கொண்டாள். உள்ளே வெகுநேரம் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

கடைசியில் வீட்டுக்குப் போன் செய்தாள்.

"அம்மா, நான் வந்துடட்டுமா?"

"ஏண்டி கண்ணு, சாப்பாடு பிடிக்கலியா?"

"சாப்பாடு பரவால்லம்மா. பாடந்தான்."

"ஊர்ல உன் பாடத்தப் பத்திதான் பேச்சே. நீ திரும்பி வந்ததும் சர்ச்சுல ஒரு மணி நேரம் பேசணும்னு பாஸ்டர் அறிவிச்சிட்டாரு. மக்காச்சோளக் கிடங்குக்கார வாரன் மாமா நேரத்தப் பத்திக் கேள்வி கேக்கறதுக்குத் தயாராயிட்டிருக்காரு."

ஹேட்டி போனை வைத்துவிட்டுத் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். தான் ஒரு மக்கு, அது இவ்வளவு நாள் ஊருக்கும் தெரியவில்லை, தனக்கும் தெரியவில்லை, அவ்வளவுதான் விஷயம் என்று தோன்றியது.

மறுநாள் வகுப்பு முடிந்ததும் பேராசிரியரிடம் போய் நின்றாள்.

"சார், நான் இந்த வகுப்புலேர்ந்து வெலகிக்கறேன்."

அவர் முகம் வெளுத்துவிட்டது. "ஆபீஸ்ல சொல்லிட்டியா?"

"இல்ல சார். மொதல்ல உங்ககிட்டதான்."

"ஆபீஸெல்லாம் எதுக்கும்மா," என்று நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "ஒண்ணு செய். நாளைக்கு வகுப்ப நீயே நடத்து. எல்லாம் சரியாப் போயிடும்."

இவ்வளவு நம்பிக்கை வைத்திருக்கும் மனிதரை ஏமாற்றுகிறோமே என்று ஹேட்டிக்கு இன்னும் அழுகை வந்தது.

மறுநாள் அவள் முன்னால் போய் நின்றபோது வகுப்பு மொத்தமும் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தது. பேராசிரியர் அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்து, யாரிடமோ ஒரு தாள் கடன் வாங்கிக்கொண்டார்.

"எனக்கு ஒண்ணும் புரியல," என்றாள்.

எல்லோரும் எழுதினார்கள்.

"எழுதாதீங்க. மொத நாள்லேர்ந்தே எனக்கு எதுவும் புரியல. நீங்க தலையாட்டினீங்க, நானும் ஆட்டினேன். நான் உங்கள மாதிரி இல்ல. என்ன ஊருக்கு அனுப்பிடுங்க."

சொல்லி முடித்து, மேஜையைப் பிடித்துக்கொண்டு தேம்பினாள். பேனாக்கள் ஒவ்வொன்றாக நின்றன.

"எனக்கும் புரியல," என்றாள் சிமோன், சுவரைப் பார்த்துக்கொண்டு. "தெனமும் குழாயத் தொறந்துவிட்டுட்டு அழுதுட்டிருக்கேன்."

"நான் நோட்டு பூரா எங்க நாய் பேரத்தான் எழுதி வச்சிருக்கேன்," என்றான் டெஸ்மண்ட்.

அப்புறம் வரிசையாக எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். ஒருவருக்கும் ஒரு வார்த்தை புரிந்திருக்கவில்லை. ஹேட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தன்னந்தனியாக இருட்டில் அழுத அத்தனை அழுகையும் வீணாகப் போனதில் அவளுக்குக் கோபம்கூட வந்தது. இப்படி வகுப்பு மொத்தத்துக்குமே புரியாதபடி ஒருவர் பாடம் நடத்த முடியுமா?

எல்லோரும் பேராசிரியர் பக்கம் திரும்பினார்கள். அவர் கடன் வாங்கிய தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு, கதவைப் பார்த்தபடி மெல்ல எழுந்தார்.

கதவு வெளியிலிருந்து திறந்தது. இவர்களைப் போலவே கழுத்தில் மாணவர் அட்டை மாட்டிய ஒரு பெண், பக்கத்து ரசாயன வகுப்பைச் சேர்ந்தவள், இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"அப்பா, கார் ரிப்பேருங்கிற கதைய அம்மா இனிமே நம்ப மாட்டாங்களாம். என்னை இங்க இறக்கிவிடத்தானே வந்தீங்க, ஒழுங்கா வீட்டுக்குக் கெளம்புங்க."